டீச்சரைக் கேளுங்க: தண்ணியும் காத்தும் ஏன் தாறுமாறா ஓடுது?

இந்த மாசம் வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே விஷயத்தத்தான் சுத்திச் சுத்தி வருது. பைப்புத் தண்ணி, ப்ளேன் குலுங்கல், புகைமூட்டம், தே தாரிக் (இழுத்து ஆத்துற பால் டீ)னு ஆளாளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு இழுத்தாலும் எல்லாத்துக்கும் அடியில இருக்கிறது டர்புலன்ஸ்தான், அதாவது ஓட்டம் கொந்தளிக்கிறது. அதனால இந்தத் தடவை சமையல் கேஸ், சோலார் பேனல் கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: டீச்சர் வணக்கம். நான் ஃபார்ம் ஃபைவ் படிக்கிறேன். பைப்ப கொஞ்சமா தொறந்தா தண்ணி அசைவே இல்லாத மாதிரி தெளிவா விழுது. நல்லா தொறந்தா வெள்ளையா, சத்தமா, தாறுமாறா வருது. அதே தண்ணி, அதே பைப்பு. நடுவுல என்னதான் ஆகுது? (மாணவர், பிறை)

தம்பி, மொதல்ல பைப்பு வாயில சின்ன சல்லடை இருக்கான்னு பாரு. இப்ப வர்ற பைப்புல நெறைய இது இருக்கும், அது வேணும்னே காத்தக் கலந்து விடுது, தண்ணி வெள்ளையா தெரியறது அந்தக் குமிழாலதான், அதுக்கும் நீ கேட்டதுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. சல்லடையக் கழட்டிட்டுப் பாரு, இல்லன்னா வீட்டுக்குப் பின்னால துணி தொவைக்கிற எடத்துல பழைய பித்தளை பைப்பு இருந்தா அதுல பாரு. கொஞ்சமா தொறந்தப்ப தண்ணிக்குப் பின்னால உன் விரல வச்சா விரல் ரேகைகூட தெரியும். தொறந்துக்கிட்டே போனா ஒரு கட்டத்துல தண்ணியோட மேல்தோல் சொரசொரன்னு ஆகி, விரல் கலங்கித் தெரியும். அந்த கட்டம்தான் உன் கேள்வி.

ஓடற தண்ணிக்குள்ள ரெண்டு விஷயம் எப்பவும் மல்லுக்கட்டிக்கிட்டே இருக்கு. ஒண்ணு அதோட வேகம், போற தெசையிலயே போகணும்ங்கிற முரட்டுத்தனம். இன்னொண்ணு அதோட பிசுபிசுப்பு. தண்ணிக்கும் பிசுபிசுப்பு உண்டு, தேன் அளவுக்கு இல்ல, அவ்வளவுதான். பைப்பு சுவர்ல ஒரு சின்ன மேடு, எங்கயோ ஒரு அதிர்வு, அதுனால ஓட்டத்துல ஒரு சின்ன நெளிவு உண்டாகுதுன்னு வச்சுக்க. வேகம் கம்மியா இருந்தா பிசுபிசுப்பு அந்த நெளிவ உடனே தேய்ச்சு அழிச்சிடும். வேகம் கூடக் கூட நெளிவு ஓட்டத்துக்கிட்டயிருந்தே சக்திய உறிஞ்சி வளர ஆரம்பிச்சிடும், அது சுழலாகும், அந்த சுழல் பக்கத்துல உள்ள தண்ணியக் கலைக்கும், அப்புறம் யாராலயும் அடக்க முடியாது.

இந்த மல்லுக்கட்டுல யார் கை ஓங்கியிருக்குன்னு சொல்ற எண்ணுக்குப் பேர் ரெனால்ட்ஸ் எண். வேகத்தையும் பைப்பு அகலத்தையும் பெருக்கி, அந்தத் திரவத்தோட பிசுபிசுப்பு அளவால வகுத்தா வரும். நீயே வீட்டுல கணக்குப் போடலாம். பைப்பு வாய் 1 சென்டிமீட்டர் அகலம்னு வச்சுக்க. அரை லிட்டர் பாட்டில் நிரம்ப ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆச்சுன்னா தண்ணி விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்துல வருது, நம்ம ஊரு சூட்டுக்கு ரெனால்ட்ஸ் எண் 1,200 பக்கம் இருக்கும். அதே பாட்டில் 6 விநாடில நிரம்புனா 12,000ஐத் தாண்டிடும். பாடப் புத்தகத்துல எல்லை 2,300ன்னு போட்டிருப்பாங்க, அதுக்குக் கீழ சீரான ஓட்டம், ரொம்ப மேல போனா கொந்தளிப்பு.

இத மொதல்ல கண்ணால காட்டுனவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், இங்கிலாந்துல மான்செஸ்டர்ல, 1883ல. பெரிய தண்ணித் தொட்டிக்குள்ள ஒரு கண்ணாடிக் குழாய், குழாய் வாய் நாதஸ்வர அணைசு மாதிரி விரிஞ்சிருக்கும், அந்த வாய்க்கு நடுவுல மெல்லிசா சாயம் விட்டாரு. மெதுவா ஓடவிட்டா சாயம் குழாய் முழுக்க ஒரே கோடா போகும். வேகத்தக் கூட்டுனா குழாய்ல கொஞ்ச தூரம் வரைக்கும் கோடா போயி, திடீர்னு ஒரு எடத்துல பரவி குழாய் முழுக்க சாயமாயிடும். நான் ரசிக்கிற பகுதி இதுக்கு அப்புறம்தான். அந்தக் கலங்கல மின்பொறி வெளிச்சத்துல, கண்ணிமைக்கிற நேரத்துக்கு மட்டும் பார்த்தாரு, அப்ப அது வெறும் கலங்கல் இல்லாம தனித்தனிச் சுருளா தெரிஞ்சுது. நம்ம கண்ணுக்கு வேகம் பத்தல, அதான் கலங்கலா தெரியுது.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க, எஸ்.பி.எம். பரீட்சைல கேக்க மாட்டாங்க ஆனாலும் சொல்றேன். அந்த 2,300 கல்லுல பொறிச்ச எண் கிடையாது. ரெனால்ட்ஸே தொட்டித் தண்ணிய ரொம்ப நேரம் அசையாம வச்சிருந்து, 12,000க்கு மேலயும் ஓட்டத்த சீராவே கொண்டு போனாரு. பின்னால வந்தவங்க அதே கருவியில பண்ணிப் பார்த்தப்ப அந்த அளவுக்குப் போக முடியல, தெருவுல கூடிப்போன வண்டி அதிர்வே போதுமா இருந்துச்சு. 2011ல ஒரு ஆராய்ச்சிக் குழு வேற விதமா கேள்வி கேட்டாங்க. குழாய்ல ஒரு எடத்துல கொந்தளிப்புத் திட்டு ஒண்ண வேணும்னே உண்டாக்கினா, அது செத்துப் போகுமா, இல்ல ரெண்டாப் பிரிஞ்சு பரவுமா? சாகறதும் பரவறதும் சமமா நிக்கிற எடம் 2,040 பக்கம்னு கண்டுபிடிச்சாங்க. 1883ல ஆரம்பிச்ச கேள்வி, பதிலுக்கு 128 வருஷம்.

அப்புறம், கொஞ்சமா தொறந்த தண்ணிகூட கீழ விழ விழ மெலிஞ்சு சொட்டுச் சொட்டா உடையும். அது கொந்தளிப்பு இல்ல, மேற்பரப்பு இழுவிசை பண்ற வேலை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத.

கேள்வி: டீச்சர், எங்க ஃப்ளாட்டுல பம்பு மாத்தியாச்சு, பெருசு. பாத்ரூமுக்குப் போற பைப்ப மட்டும் சின்ன சைஸா போட்டுட்டாங்க. ஷவர்ல தண்ணி வரவே மாட்டேங்குது. பம்பு போதலையா? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

பம்ப விடுங்கண்ணே, பைப்ப மாத்துங்க. கொந்தளிப்பா ஓடற தண்ணியில உராய்வு இழப்பு வேகத்தோட வர்க்கத்த ஒட்டிப் போகும், ரெண்டு மடங்கு தண்ணி வேணும்னா ஏறக்குறைய நாலு மடங்கு அழுத்தம் செலவாகும். பைப்பு அகலத்துக்குக் கதையே வேற. அதே அளவு தண்ணிய பாதி அகல பைப்புல தள்ளணும்னா இழப்பு 30 மடங்குக்கு மேல ஏறிடும். எந்தப் பம்பும் அதுக்கு ஈடு கொடுக்காது, கரண்டு பில்தான் ஏறும்.

எண்ணெய்க் கம்பெனிக்காரங்க இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. நீளமான மூலக்கூறு உள்ள பாலிமர ரொம்பச் சின்ன அளவு கலந்தா கொந்தளிப்பு உராய்வு சட்டுனு குறையும், 1940கள்ல டாம்ஸ்னு ஒருத்தர் கண்டது, அலாஸ்கா எண்ணெய்க் குழாய்ல 1979லேர்ந்து பயன்படுத்துனாங்க. குளிக்கிற தண்ணியில அதெல்லாம் கலக்க முடியாது, அதனால பெரிய பைப்புதான்.

கேள்வி: வணக்கம் டீச்சர். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கத்துல சாப்பாட்டுக்கடை வச்சிருக்கேன். தே தாரிக் இழுக்கறதப் பாத்துட்டு ஒரு வெள்ளைக்கார கஸ்டமர், கரண்டியால ஒரு சுத்து சுத்துனா முடிஞ்சுது, எதுக்கு இந்த வித்தைன்னு கேட்டாரு. நான் நொரைக்குன்னு சொல்லிட்டேன். அது மட்டும்தானா? (வாசகர், பினாங்கு)

நொரைன்னு நீங்க சொன்னது சரிதான் ஐயா, சூடு குறையறதும் உண்டு. ஆனா கலக்கறதுன்னு ஒண்ணு இருக்கே, அதப் பத்திப் பேசாம விடக்கூடாது.

கிளாஸ் அடியில சீனியப் போட்டுட்டு, சூடு ஏறாம இறங்காம, ஆட்டாம அசைக்காம அப்படியே வச்சிருந்தா சீனி தானா பரவி மேல வர எவ்வளவு நேரமாகும் தெரியுமா? 5 சென்டிமீட்டர் உயரம்தான். கணக்குப் போட்டா வாரக்கணக்குல போகுது, ஒரு மாசத்தத் தொடும். கரண்டியப் போட்டு நாலு சுத்து சுத்துனா சில விநாடி. மூலக்கூறு பரவற வேகம் ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதான். ஆனா கரண்டி உண்டாக்குற சுழல் சீனித் தண்ணிய நீட்டி, மடிச்சு, மறுபடி நீட்டி, இனிப்பும் இனிப்பில்லாததும் மயிரிழை தூரத்துல பக்கம் பக்கமா வர்ற மாதிரி பண்ணிடுது, அதுக்கப்புறம் மூலக்கூறு தாண்ட வேண்டிய தூரம் ஒண்ணுமே இல்ல.

டின் பால் போட்டா இன்னும் கஷ்டம். அது கெட்டி, பிசுபிசுப்பு ஜாஸ்தி, கரண்டியோட சேந்து வழுக்கிக்கிட்டு அடியிலயே உக்காந்துக்கும். கையில உள்ள குவளையிலயிருந்து இன்னொண்ணுக்கு ஒரு மீட்டர் தூரம் ஊத்துறப்ப டீ விநாடிக்கு நாலு மீட்டருக்கு மேல வேகம் பிடிச்சு அடியில மோதுது பாருங்க, அந்த அடியில எந்தப் பாலும் சும்மா உக்கார முடியாது. உங்க கஸ்டமருக்கு இதச் சொல்லுங்க.

அந்த பெரிய சுழலுக்கு அப்புறம் என்ன ஆகுதுங்கிறதுதான் இந்த சப்ஜெக்டோட உயிர்நாடி. கையில ஒரு 100 வெள்ளி (ரிங்கிட்) நோட்டு இருக்கு, அத 50ஆ மாத்துறீங்க, 50அ 10ஆ, 10அ 1ஆ, கடைசியா சில்லறைக் காசா. மாத்தற எடத்துல எங்கயும் காசு குறையறதில்ல, சில்லறையானதுக்கு அப்புறம்தான் பார்க்கிங், பாத்ரூம்னு கரையும். சுழலும் அப்படித்தான். பெரிய சுழல் உடைஞ்சு சின்ன சுழலாகும், அது அதவிடச் சின்னதாகும், சக்தி கை மாறிக்கிட்டே வரும், பிசுபிசுப்பால எதையும் பிடுங்க முடியாது. ரொம்பப் பொடிசான சுழல் வந்ததும்தான் பிசுபிசுப்பு பிடிச்சு மொத்தத்தையும் சூடாக்கிடும். டீ கிளாசுல அந்தப் பொடிசு மில்லிமீட்டர்லயும் ஒரு பங்கு, வானத்துல பெரிய மேகத்துக்குள்ளகூட அது ஒரு மில்லிமீட்டர் பக்கம்தான்.

இந்த எண்ணத்த 1922ல எழுதுனவர் லூயிஸ் ரிச்சர்ட்சன், கணக்கா மாத்துனவர் ரஷ்யாவுல கோல்மகோரோவ், 1941ல. நடுத்தர அளவு சுழலுக்கு, தான் எந்தப் பெரிய சுழல்லேர்ந்து வந்தோம்னே மறந்து போயிடும், தேயிலைத் தண்ணியோ கடலோ புயலோ எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான் சக்தி பங்கு பிரியும்னு சொன்னாரு. கனடா மேற்குக் கரையில ஒரு கடல் கால்வாய்ல அளந்து பாத்து 1962ல வெளியிட்டாங்க, அவரு சொன்ன கணக்குலயே வந்து நின்னுச்சு. இப்ப அந்தக் கணக்குல சின்னச் சின்ன ஓட்டை இருக்குன்னு தெரியும், சுழல்ல சக்தி சமமா கரையறதில்ல, அங்கங்க கொத்துக் கொத்தா கரையுது. ஆனாலும் ஒரு பேப்பர் பென்சில வச்சுக்கிட்டு அந்த தூரம் போனது சாதாரண காரியம் இல்ல.

கேள்வி: டீச்சர், என் மக லண்டனுக்குப் படிக்கப் போறா. சிங்கப்பூர் ப்ளேன் 6,000 அடி விழுந்துச்சுன்னு நியூஸ்ல பாத்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. வானம் தெளிவா இருந்தாலும் வரும்னு சொல்றாங்களே, றெக்கை ஒடைஞ்சுடாதா? ஏர் பாக்கெட்ல விழுந்தா என்ன ஆகும்? (அம்மா, கெப்போங்)

அம்மா, றெக்கையப் பத்தின பயத்த மொதல்ல எறக்கி வச்சிடுங்க. ப்ளேன் தன் வாழ்நாள்ல சந்திக்கக்கூடிய அதிகபட்ச சுமைன்னு ஒண்ண கணக்குப் போட்டு, அதவிட ஒண்ணரை மடங்கு தாங்கணும்ங்கிறது சட்டம். போயிங் 777 றெக்கைய 1995ல தரையில கட்டி வச்சு, ஒடையற வரைக்கும் வளைச்சாங்க, அந்த அதிகபட்ச சுமையோட 154 சதவீதத்துலதான் ஒடைஞ்சுது. ஜன்னல் பக்கம் உக்காந்து பாத்தா றெக்கை மேலயும் கீழயும் ஆடும், ஆடணும்னுதான் அப்படிச் செஞ்சிருக்காங்க.

அடுத்தது அந்த 6,000 அடி. அது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்.க்யூ. 321, லண்டன்லேர்ந்து சிங்கப்பூர், 2024 மே 21, மியன்மார் ஐராவதி பக்கம் மேல. ஒரு பயணி இறந்து போனாரு, நெறைய பேருக்கு அடி, அத சின்னதா பேச நான் தயாரில்ல. ஆனா 6,000 அடிங்கிறது பைலட் அப்புறமா பாங்காக்குக்குத் திருப்பறதுக்காகக் கட்டுப்பாட்டோட எறக்குனது. விசாரணைக்காரங்க ப்ளேனோட பதிவுக் கருவியப் பாத்து சொன்ன கணக்கு வேற. குலுங்கல்ல எறங்குனது 178 அடி, 4.6 விநாடில. அப்ப எப்படி அவ்வளவு பேருக்கு அடி? 0.6 விநாடிக்குள்ள ப்ளேன் கீழ்நோக்கி இழுபட்ட வேகத்துல, பெல்ட் போடாதவங்க எல்லாரும் கூரைக்குப் போயிட்டாங்க, அடுத்த நாலு விநாடில ப்ளேன் மறுபடி மேல எழும்ப, கூரையிலயிருந்து கீழ விழுந்தாங்க. உயரம் பெரிசில்ல, அந்த மாத்தம் எவ்வளவு சடுதியா வந்துச்சுங்கிறதுதான் ஆள அடிக்குது. வளர்ந்துக்கிட்டு இருந்த இடிமேகப் பகுதிக்கு மேல பறந்திருக்கலாம்னு முதல்கட்ட அறிக்கையில சொல்லியிருக்காங்க.

ஏர் பாக்கெட்னு வானத்துல காத்தே இல்லாத பள்ளம் எதுவும் கிடையாது. காத்து எல்லா எடத்துலயும் இருக்கு, ஒரு எடத்துல மேல போகுது, பக்கத்துலயே கீழ வருது, ப்ளேன் அதக் குறுக்க கிழிச்சுக்கிட்டுப் போறப்ப குலுங்குது. எல்லா சுழலும் குலுக்காது. பல கிலோமீட்டர் அகல சுழலா இருந்தா ப்ளேன் அதோட சேந்து மெதுவா ஏறி எறங்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அடிக்கணக்குல இருந்தா ப்ளேன் பெருசு, அதுவும் தெரியாது. ஏறக்குறைய 100 மீட்டர்லேர்ந்து 1 கிலோமீட்டர் வரைக்கும் உள்ள சுழல்தான் வயித்தக் கலக்கறது.

தெளிவான வானத்துல எப்படின்னு கேட்டீங்க. பத்துப் பன்னண்டு கிலோமீட்டர் உயரத்துல ஜெட் ஸ்ட்ரீம்னு வேகமான காத்து ஆறு ஓடுது, நம்ம தலைக்கு மேல இல்ல, இன்னும் வடக்க. அதோட ஓரத்துல ஒரு அடுக்கு வேகமா, அடுத்த அடுக்கு மெதுவா போகும், அந்த எல்லை அலையா நெளிஞ்சு சுருண்டு உடையும். மேகமே தேவையில்ல. ப்ளேன் மூக்குல உள்ள ரேடார் மழைத்துளியத்தான் பாக்கும், வெறுங்காத்துல துளி இல்ல, அதனால பைலட்டுக்கும் முன்கூட்டித் தெரியாது. வானிலை முன்னறிவிப்பும், முன்னால போன ப்ளேன்காரன் ரேடியோல சொல்றதும்தான் உண்டு. 2023ல ரெடிங் பல்கலைக்கழகத்துக்காரங்க கணக்குப் போட்டுப் பாத்ததுல, வட அட்லாண்டிக் மேல கடுமையான தெளிவான வானக் குலுங்கல் 1979லேர்ந்து 2020க்குள்ள 55 சதவீதம் கூடியிருக்கு. கேக்க பயமா இருக்கும், ஆனா அது அங்க சராசரியா ஒரு எடத்துல வருஷத்துக்கு 17.7 மணிநேரத்துலேர்ந்து 27.4 மணிநேரம் ஆனதுதான்.

நம்ம கோலாலம்பூர் (கே.எல்.) பக்கம் குலுங்கறது பெரும்பாலும் வேற வகை. சாயங்காலம் மூணு நாலு மணிக்கு மேல இடிமேகம் கோபுரமா நிக்கும், கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்துல எறங்கறப்ப அதச் சுத்திக்கிட்டுத்தான் கொண்டு வருவாங்க, காலைல வர்ற ப்ளேன் அதனால கொஞ்சம் சாதுவா வரும். மகக்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பெல்ட் லைட்டு அணைஞ்சாலும், தூங்கறப்பவும், இடுப்புல பெல்ட் இருக்கட்டும். போர்வைக்கு மேல போட்டுக்கிட்டா இன்னும் நல்லது, பணிப்பெண் எழுப்ப மாட்டாங்க.

கேள்வி: டீச்சர், புகைமூட்டம் வந்தா காலைல நடக்கப் போறப்பதான் ரொம்ப நெஞ்ச அடைக்குது, மத்தியானம் கொஞ்சம் தேவலைன்னு இருக்கு. என் கற்பனையா? (வாசகர், செராஸ்)

கற்பனை இல்லண்ணே. ராத்திரி தரை குளிர்ந்து, தரையொட்டிய காத்தும் குளிர்ந்து கனமாகி அப்படியே படுத்துக்கும். கொந்தளிப்பு செத்துப் போகும். மேல உள்ளதோட கலக்க ஆள் இல்ல, வண்டிப் புகை, வெளியூர்லேர்ந்து வந்த புகை எல்லாம் மூக்கு மட்டத்துலயே தங்கிடும். வெயில் ஏறி தார் ரோடு சூடானதும் காத்து கிளம்பி சுழல ஆரம்பிக்கும், ஒரு கிலோமீட்டர் உயரம் வரைக்கும்கூட கலந்து விடும். புகை எங்கயும் போயிடல, பரவியிருக்கு. சுமத்ராவுலேர்ந்து புதுசா நெறைய வந்தா மத்தியானமும் மோசமாத்தான் இருக்கும், அதனால காத்து மாசு அளவச் சொல்ற ஏ.பி.ஐ. எண்ணப் பாத்துட்டு நடங்க, மணியப் பாத்துட்டு இல்ல.

கேள்வி: இயற்பியல் விஞ்ஞானி ஹைசன்பெர்க் சாகறப்ப, கடவுளப் பார்த்தா ரெண்டு கேள்வி கேப்பேன், சார்பியல் ஏன், டர்புலன்ஸ் ஏன், முதல் கேள்விக்கு அவர்கிட்ட பதில் இருக்கும்னு சொன்னாராமே? வாட்ஸ்அப்ல வந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் இத யாரும் புரிஞ்சுக்கலைன்னா, ப்ளேன், அணைக்கட்டு எல்லாம் எப்படித்தான் கட்டறாங்க? (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

வாட்ஸ்அப்ல வந்தத பாதி நம்புங்க ஐயா. அவரு அப்படிச் சொன்னதுக்கு ஆதாரம் இல்ல, ஏறக்குறைய இதே கதைய ஹோரேஸ் லாம்ப்னு ஒரு பிரிட்டிஷ் விஞ்ஞானி பேர்லயும் சொல்றாங்க, அங்க சார்பியலுக்குப் பதிலா வேற ஒரு சப்ஜெக்ட் வரும். உண்மைக் கதை இதவிட நல்லாருக்கும். ஹைசன்பெர்க்கோட டாக்டர் பட்ட ஆய்வே கொந்தளிப்பு பத்தினதுதான், மியூனிக்ல, 1923ல. வாய்மொழித் தேர்வுல சோதனை இயற்பியல் கேள்விக்கு, மைக்ரோஸ்கோப் பத்தி, பதில் சொல்ல முடியாம கிட்டத்தட்ட ஃபெயிலாகி, தட்டுத் தடுமாறிப் பாஸானாரு. எஸ்.பி.எம். ரிசல்ட் பாத்து அழற பிள்ளைங்ககிட்ட இதச் சொல்லலாம்.

புரிஞ்சுக்கலைங்கிறதுலதான் நெறைய பேர் தடுக்கி விழறாங்க. திரவம் எப்படி ஓடும்னு சொல்ற சமன்பாடு நம்ம கையில இருக்கு. நேவியர் 1822ல ஆரம்பிச்சாரு, ஸ்டோக்ஸ் 1845ல சரியா நிலைநிறுத்துனாரு. நியூட்டன் விதியத் தண்ணிக்கு எழுதுனதுதான், அதுல மர்மம் ஒண்ணும் கிடையாது. சிக்கல் என்னன்னா, ஓட்டம் எந்தத் தெசையில, எவ்வளவு வேகத்துல போகும்ங்கிறத, தண்ணி தன்னோட வேகத்தாலயே மாத்திக்குது. ஒரு எடத்துல தலைமயிர் அளவு வித்தியாசம் இருந்தா கொஞ்ச நேரத்துல முழுப் படமும் வேறயாயிடும். அதனால எந்த சுழல் எந்த நொடியில எங்க இருக்கும்னு சொல்லுன்னு கேட்டா கைய விரிக்க வேண்டியதுதான். ஆனா சராசரி என்ன, உராய்வு எவ்வளவு, எத்தன சதவீதம் ஏறி எறங்கும்னு கேளுங்க, நல்லாவே சொல்லிடுவாங்க. இஞ்சினியருக்கு வேண்டியது இந்த ரெண்டாவதுதான்.

கே.எல்.ல வெள்ளத் தண்ணிய வடிக்கிற நம்ம ஸ்மார்ட் டன்னலையே எடுத்துக்குங்க. 2007ல தொறந்தது, 9.7 கிலோமீட்டர், உள்அகலம் 12 மீட்டர் பக்கம். வெள்ளத் தண்ணி விநாடிக்கு 1 மீட்டர் வேகத்துல போனாலே ரெனால்ட்ஸ் எண் ஒண்ணரைக் கோடி வரும், நான் மேல தம்பிக்குச் சொன்ன 2,300 எங்க, இது எங்க. உள்ள நடக்கறது முழுக்க முழுக்க கொந்தளிப்பு, ஒரு சுழலக்கூட யாரும் தனியா கணக்குப் போடல. எவ்வளவு தண்ணி எவ்வளவு நேரத்துல வடியும்னு மட்டும் அளந்து வச்சிருக்கிற உராய்வுக் கணக்க வச்சுப் போட்டுக் கட்டிட்டாங்க. இரட்டைக் கோபுரத்துல 41, 42ஆம் மாடிப் பாலத்தத் தாங்குற சாய்ந்த கால் ரெண்டு பக்கமும் இருக்கே, அதுக்கு வந்தது வேற தொல்லை. காத்து உருளையான தூணத் தாண்டறப்ப வலது, இடதுன்னு மாத்தி மாத்தி ஒழுங்கா சுழல் விடும், அந்தத் தாளம் தூணோட சொந்தத் தாளத்தோட சேந்தா தூண் ஆட ஆரம்பிக்கும். காத்துக் குகையில (விண்ட் டன்னல்) மாடல வச்சுச் சோதிச்சு, கால்களுக்குள்ள ஆட்டத்தத் தின்னுடற எடைக்கட்டி வச்சிருக்காங்க. கீழ நின்னு செல்ஃபி எடுக்கிறவங்களுக்கு அது தெரியாது.

அப்ப கம்ப்யூட்டர் எதுக்குன்னு கேப்பீங்க. எல்லா சுழலையும் பொடிசு வரைக்கும் விடாம கணக்குப் போடலாம், 1987லயே ரெண்டு சுவருக்கு நடுவுல ஓடற சின்ன ஓட்டத்துக்குப் போட்டுக் காட்டிட்டாங்க. தொல்லை என்னன்னா ரெனால்ட்ஸ் எண் ரெண்டு மடங்கானா வேலை ஏறக்குறைய எட்டு மடங்காகும். முழுப் பயணி விமானத்துக்கு அப்படிப் போட இன்னிக்கு உள்ள எந்த சூப்பர் கம்ப்யூட்டராலயும் முடியாது. அதனால பெரிய சுழல கணக்குப் போட்டு, சின்னத மதிப்பீட்டுல விடுவாங்க. அந்த மதிப்பீடு ஒரு ஓட்டத்துக்குச் சரியா வரும், இன்னொண்ணுக்குக் காலை வாரிடும், அதுதான் இந்தத் துறைக்காரங்களோட அன்றாடத் தலைவலி.

ஒரு மில்லியன் அமெரிக்க டாலர் பரிசும் இருக்கு, கிளே கணித நிறுவனம் 2000ல அறிவிச்ச ஏழு கணக்குல ஒண்ணு. முப்பரிமாணத்துல அந்தச் சமன்பாட்டுக்கு எப்பவும் ஒழுங்கான தீர்வு இருக்கா, இல்ல எங்கயாவது வேகம் எல்லையில்லாம வெடிச்சிடுமான்னு நிரூபிக்கணும். இன்னும் யாரும் வாங்கல. என்னக் கேட்டா, அத நிரூபிச்சாலும் உங்க ப்ளேன் குலுங்கற நேரத்த சொல்ல உதவாது, அது கணிதக்காரங்க மனசுத் திருப்திக்கு. எனக்கு ஆசையா இருக்கிறது வேற: ரெண்டு சுவருக்கு நடுவுல ஓடற சாதாரண ஓட்டத்தோட சராசரி உராய்வ, அளந்து பாக்காம, சமன்பாட்டுலேர்ந்து மட்டும் பேப்பர்ல எடுத்துக் காட்டணும். அது இன்னும் நடக்கல.

கேள்வி: கிளினிக்ல பிரஷர் பாக்கறப்ப டாக்டர் கையில காதுக்குழாய வச்சு என்னதான் கேக்கறாரு? நாடித்துடிப்பா? (வாசகி, பட்டர்வொர்த்)

நாடி இல்லம்மா. சாதாரணமா கை ரத்தக்குழாய்ல ரத்தம் சீரா ஓடுது, சத்தமே வராது. கையில சுத்துன பட்டைய காத்தடிச்சு இறுக்குனா குழாய் மூடிக்கும், அப்பவும் சத்தம் இல்ல. மெதுவா காத்த விடறப்ப ஒரு கட்டத்துல குழாய் பாதி திறந்து, ரத்தம் அந்தச் சந்துல பீச்சி அடிச்சு கலைஞ்சு ஓடும், குழாய்ச் சுவரும் அதிரும், அந்த டப்பு டப்புதான் கேக்குது. மொதல் சத்தம் மேல் எண், சத்தம் நிக்கிற எடம் கீழ் எண். ரஷ்ய டாக்டர் கொரோட்கோவ் 1905ல சொன்னது, இன்னும் அப்படியே பாக்கறாங்க. நீங்க வீட்டுல வச்சிருக்கிற டிஜிட்டல் மெஷின் சத்தம் கேக்காது, பட்டையில வர்ற அழுத்தத் துடிப்பப் பாத்து கணக்குப் போடும், அதனால அளக்கறப்ப பேசாதீங்க, கைய ஆட்டாதீங்க, கைய நெஞ்சு மட்டத்துல மேசையில வச்சுக்குங்க.